இலவசத் தளத்தில் நிறத்துக்கும் எழுத்துருவுக்கும் பூட்டு: புதிதாகத் தளம் போடுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காசு கொடுக்காமல் இணையதளம் போட்டுக்கொள்ள இடம் தரும் சேவைகள் நிறைய இருக்கின்றன. வார்ட்பிரஸ்.காம், விக்ஸ், கார்ட் (Carrd), கூகுள் சைட்ஸ், பிளாகர் என்று பட்டியல் நீளும். கணக்கு திறந்து, தீம் (தளத்தின் ஆயத்தத் தோற்றம்) ஒன்றைப் பிடித்துப்போய்த் தேர்ந்தெடுத்து, நாலு பக்கம் எழுதி முடித்த பிறகுதான் பலருக்கும் விஷயம் தெரியவருகிறது. தலைப்பின் நிறத்தையோ எழுத்துருவையோ மாற்றப் போனால், 'அப்கிரேடு' என்ற பொத்தான் குறுக்கே வந்து நிற்கிறது. இன்னும் சிலருக்கு, பல மாதங்களாகப் பயன்படுத்திவந்த வசதியே ஒருநாள் கட்டணத் திட்டத்துக்குள் போய்விடுகிறது.

முதல்முறையாகத் தளம் போடுகிறவர்கள் இதை எப்படிச் சமாளிப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் வார்ட்பிரஸ்.காமையே எடுத்துக்கொள்கிறேன். தமிழில் எழுதுகிறவர்கள் பலர் அங்கேதான் போய்ச் சேருகிறார்கள். பூட்டு எப்படி விழுகிறது என்பதும் அங்கே நன்றாகவே தெரியும்.

ஒரு தையல் பயிற்சி வகுப்புக்குத் தளம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முகப்பு, பாடத்திட்டம், கட்டணம், மாணவிகள் தைத்த துணிகளின் படங்கள், தொடர்பு எண். இவ்வளவுதான் தேவை.

1. இரண்டு வார்ட்பிரஸ் இருக்கின்றன, குழப்பிக்கொள்ளாதீர்கள்

வார்ட்பிரஸ் என்ற மென்பொருள் 2003 மே மாதம் வெளியானது. பி2 என்ற பழைய வலைப்பதிவு மென்பொருளை எடுத்து, மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் வளர்த்தெடுத்தார்கள். ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் வருவதால் யார் வேண்டுமானாலும் இறக்கித் தங்கள் ஹோஸ்டிங்கில் (தளத்தை வைக்க வாடகைக்கு எடுத்த சர்வர் இடத்தில்) போட்டுக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். நிறம், எழுத்துரு, சிஎஸ்எஸ் (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் நிரல்வரிகள்) எதற்கும் அதில் பூட்டு கிடையாது.

வார்ட்பிரஸ்.காம் என்பது வேறு. முல்லன்வெக் 2005-இல் தொடங்கிய ஆட்டோமேட்டிக் நிறுவனம், அதே மென்பொருளைத் தன் சர்வர்களில் வைத்து நடத்தும் சேவை அது. ஹோஸ்டிங், பராமரிப்பு, பாதுகாப்பு எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். அந்தச் செலவை ஈடுகட்டக் கட்டணத் திட்டங்கள் வைத்திருக்கிறார்கள். இலவசத் தளங்களில் விளம்பரமும் வரும்.

எந்த வசதி இலவசம், எதற்குக் காசு என்பது அங்கே பலமுறை மாறியிருக்கிறது. சொந்தமாக சிஎஸ்எஸ் எழுதிச் சேர்ப்பதற்கு வெகுகாலமாகவே காசு கேட்கிறார்கள். 2022-இன் முதல் பாதியில், அதுவரை இருந்த பல திட்டங்களையும் மடக்கி, இலவசம், புரோ என்று இரண்டே திட்டங்கள் வைத்தார்கள். புரோவுக்கு மாதம் 15 டாலர், அதையும் ஆண்டுக்கு மொத்தமாகக் கட்ட வேண்டும். இலவசத் திட்டத்தின் சேமிப்பிடம் 3 ஜிபியிலிருந்து 500 எம்பியாகக் குறைந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 1 ஜிபி ஆக்கினார்கள். சில மாதங்களில் பழையபடி பல திட்டங்களும் திரும்ப வந்தன.

அதே 2022 ஜனவரியில் வெளியான வார்ட்பிரஸ் 5.9 பதிப்பில் 'ஸ்டைல்ஸ்' என்ற பகுதி வந்தது. தளம் முழுவதற்கும் நிறம், எழுத்துரு, இடைவெளி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் மாற்ற உதவுவது அது. மென்பொருளை இறக்கிப் போட்டுக்கொள்கிறவர்களுக்கு அது இலவசம். வார்ட்பிரஸ்.காமில் அதைக் கட்டணத் திட்டத்துக்குள் வைத்துவிட்டார்கள்.

சொல்ல வருவது இதுதான்: இன்று இலவசமாகக் கிடைக்கும் வசதி நாளையும் இலவசமாகவே இருக்கும் என்று நம்பித் தளம் கட்டாதீர்கள். நிறுவனங்கள் வணிகம் செய்கின்றன, கணக்குப் பார்த்துத் திட்டத்தை மாற்றுகின்றன. உங்கள் எழுத்தும் படமும் முகவரியும் உங்கள் கையில் இருந்தால், அவர்கள் எதைப் பூட்டினாலும் சேதம் குறைவு. மீதிப் படிகள் எல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

2. கணக்கு திறக்கும் முன் விலைப் பக்கத்தை முழுதாகப் படியுங்கள்

விலைப் பக்கத்தின் மேலே நான்கைந்து பெட்டிகள் அழகாக இருக்கும். அதோடு நின்றுவிடாதீர்கள். கீழே இறங்கிப் போனால் திட்டங்களை வரிவரியாக ஒப்பிடும் நீண்ட அட்டவணை இருக்கும். உண்மை அங்கேதான் இருக்கிறது. பார்க்க வேண்டியவை: சொந்த டொமைன் (உங்களுக்கென்று வாங்கிய இணைய முகவரி) இணைக்கலாமா, விளம்பரமும் நிறுவனப் பெயரும் வருமா, தளம் முழுக்க நிறமும் எழுத்துருவும் மாற்றலாமா, சிஎஸ்எஸ்ஸோ வேறு நிரல்வரியோ சேர்க்கலாமா, சேமிப்பிடம் எவ்வளவு, எழுதியதை வெளியே எடுத்துப்போக வழி உண்டா.

பூட்டு எங்கே விழும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தளம் போட உதவும் இன்னொரு சேவையான ஸ்கொயர்ஸ்பேஸில் இலவசத் திட்டமே இல்லை, 14 நாள் சோதனைக் காலம் மட்டும்தான். ஆனால் பணம் கட்டிவிட்டால் எல்லாத் திட்டத்திலும் சிஎஸ்எஸ் எழுதலாம். வெளி நிரலைச் சேர்ப்பதற்குத்தான் அடிமட்டத் திட்டத்தில் இடமில்லை. விக்ஸின் இலவசத் தளத்தில் நிறம், எழுத்துரு, அமைப்பு எல்லாவற்றையும் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் விக்ஸ் விளம்பரப் பட்டை மேலே நிற்கும், முகவரியும் அவர்களுடையதாகவே இருக்கும். கார்ட் (Carrd) சேவையில் மூன்று ஒற்றைப் பக்கத் தளங்கள் வரை இலவசம், சொந்த டொமைனுக்குப் பணம் கட்ட வேண்டும்.

விலையைப் படிக்கும்போது இன்னும் சில விஷயங்கள். 'மாதம் இவ்வளவு' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் ஆண்டுக் கட்டணத்தைப் பன்னிரண்டால் வகுத்த தொகை. கட்டும்போது மொத்தமாகத்தான் கட்ட வேண்டும். முதல் ஆண்டுச் சலுகை இரண்டாம் ஆண்டில் இருக்காது, ஆகவே ரினியூவல் (புதுப்பிப்பு) விலையைத் தேடிப் பிடித்துப் பாருங்கள். இந்தியாவில் இருந்து கட்டுகிறவர்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும்.

ரிசர்வ் வங்கியின் விதியும் ஒன்று உண்டு. 2021 அக்டோபர் முதல், உங்கள் வங்கிக் கார்டிலிருந்து ஒரு நிறுவனம் தானாகப் பணம் எடுத்துக்கொள்ள வேண்டுமானால் நீங்கள் முன்கூட்டியே அனுமதி பதிவு செய்திருக்க வேண்டும். வெளிநாட்டுச் சேவைகளில் இந்த அனுமதி சரியாகப் பதிவாகாமல் போனால் ஆண்டுக் கட்டணம் கட்டப்படாமலே நின்றுவிடும். தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, ஒரு வாரம் முன்னதாகவே கையால் கட்டிவிடுவது நல்லது.

3. முதலில் டொமைன், அப்புறம்தான் தளம்

பெரும்பாலான புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தளத்தைப் போட்டு, விசிட்டிங் கார்டில் அச்சடித்து, வாட்ஸ்ஆப்பில் எல்லோருக்கும் அனுப்பிய பிறகுதான் சொந்த முகவரி பற்றி யோசிக்கிறார்கள். அதற்குள் நிறுவனத்தின் பெயர் ஒட்டிய இலவச முகவரி ஊரெல்லாம் பரவியிருக்கும். பிறகு வேறு இடத்துக்குப் போனால் பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதிய இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும். வார்ட்பிரஸ்.காமில் அந்தத் திருப்பலுக்கே ஆண்டுக் கட்டணம் உண்டு. சில சேவைகளில் அந்த வசதியே இல்லை.

ஆகவே முதல் வேலையாக டொமைனை வாங்கிவிடுங்கள். தளம் போடும் நிறுவனத்திடமே வாங்காமல், டொமைன் மட்டும் விற்கும் பதிவாளரிடம் தனியாக வாங்குங்கள். 'ஒரு ஆண்டுக்கு டொமைன் இலவசம்' என்ற சலுகை ஆசை காட்டும். ஆனால் தளமும் முகவரியும் ஒரே கையில் மாட்டிக்கொண்டால் பிரித்து எடுப்பது கூடுதல் வேலை. புதிதாகப் பதிந்த டாட் காம் டொமைனை முதல் 60 நாட்களுக்கு வேறு பதிவாளரிடம் மாற்றவும் முடியாது. பதிவு உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். 'தளம் செய்து தருகிறேன்' என்று வருகிறவர் தன் பெயரில் டொமைனைப் பதிந்துவிட்டு, பிறகு தொடர்பில் இல்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது.

இலவசத் திட்டத்தில் சொந்த டொமைனை இணைக்க முடியாதே என்று கேட்பீர்கள். சரிதான், ஆனால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலான பதிவாளர்கள் 'டொமைன் ஃபார்வர்டிங்' வசதியைக் கூடுதல் கட்டணமில்லாமல் தருகிறார்கள். உங்கள் டொமைனைத் தட்டினால் அது இலவசத் தளத்தின் முகவரிக்குக் கொண்டுபோய்விடும். மேலே முகவரிப் பட்டையில் இலவச முகவரிதான் தெரியும், பரவாயில்லை. அச்சடிப்பதும் சொல்வதும் உங்கள் டொமைனாக இருக்கட்டும். நாளை தளம் எங்கே போனாலும் ஃபார்வர்டிங்கை மாற்றினால் போதும், அச்சடித்த கார்டு வீணாகாது.

4. ஒத்திகைத் தளம் ஒன்று போட்டு, தமிழை வைத்துச் சோதியுங்கள்

தமிழ்த் தளம் போடுகிறவர்களுக்கு இது மிக முக்கியமான படி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வடிவமைப்பு என்றால் அலங்காரம்தானே, அதற்குக் காசு கேட்டால் என்ன என்று ஆங்கிலத் தளம் வைத்திருக்கிறவர் நினைக்கலாம். அவருக்குத் தீமின் எழுத்துரு பிடிக்கவில்லை என்றாலும் படிக்க முடியும். தமிழுக்கு நிலைமை அப்படி இல்லை. பெரும்பாலான தீம்கள் ஆங்கில எழுத்தின் உயரத்துக்கும் அகலத்துக்கும் அளவெடுத்துச் செய்யப்பட்டவை. தலைப்புகளில் வரிக்கும் வரிக்கும் இடையே மிகக் குறைந்த இடம் விடுவார்கள். ஆங்கிலத்தில் அது எடுப்பாகத் தெரியும். தமிழில் மேல் வரியின் 'பூ', 'ணு', 'ஞ்சு' கீழே இறங்க, அடுத்த வரியின் 'கீ', 'ளி' மேலே வளைய, இரண்டும் ஒன்றையொன்று உரசும். இடைவெளியை மாற்றும் வசதியைப் பூட்டினால், தமிழ்த் தளத்தைப் படிப்பதே சிரமமாகிறது. வாடகைக்கு விட்ட வீட்டில் சுவருக்கு வெள்ளையடிக்கக் காசு கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம், சன்னலைத் திறக்கக் காசு கேட்டால் எப்படி? எழுத்தின் அளவும் வரி இடைவெளியும் எந்தத் திட்டத்திலும் இலவசமாகவே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சோதனைக்கு வருவோம். வீணானாலும் கவலையில்லாத ஒரு பெயரில் இலவசத் தளம் ஒன்று திறங்கள். தீமை மாற்றாமல், இப்படி ஒரு நீண்ட தலைப்பைப் போடுங்கள்: 'ஸ்ரீரங்கம் பூச்சூடும் கூந்தல்: ஜூன் மாதத் தையல் பயிற்சிக்குப் பதிவு தொடங்கியது'. அதன் கீழே தமிழும் ஆங்கில எண்களும் கலந்த இரண்டு பத்தி எழுதுங்கள். ஒரு பொத்தானில் தமிழில் 'பதிவு செய்யுங்கள்' என்று போடுங்கள். வெளியிட்டுவிட்டு, லாகின் செய்யாத இன்னொருவர் போனில் திறந்து பாருங்கள்.

லாகின் செய்யாத போன் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வார்ட்பிரஸ்.காமின் இலவசத் திட்டத்தில் ஸ்டைல்ஸ் பகுதிக்குள் போய் நிறத்தையும் எழுத்துருவையும் மாற்ற எடிட்டர் உங்களைத் தடுக்காது. மாற்றலாம், உங்கள் திரையில் அழகாகவும் தெரியும். சேமிக்கப் போகும்போது, கட்டணத் திட்டத்துக்கு மாறினால்தான் இந்த மாற்றம் பார்வையாளர்களுக்குத் தெரியும் என்று ஓர் அறிவிப்பு வரும். அவசரத்தில் அதைக் கவனிக்காமல் மூடிவிட்டால், நீங்கள் பார்க்கும் தளம் ஒன்று, மற்றவர்கள் பார்க்கும் தளம் இன்னொன்று என்று ஆகிவிடும். விளம்பரங்களும் அப்படித்தான், வெளியாள் கண்ணுக்குத்தான் சரியாகத் தெரியும்.

அந்தப் போனில் எந்தத் தமிழ் எழுத்துரு தெரிகிறது என்றும் கவனியுங்கள். தீமின் எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லையென்றால், சாதனத்தில் இருக்கும் தமிழ் எழுத்துருவை உலாவி எடுத்துப் போட்டுக்கொள்ளும். விண்டோஸ் கணினியில் நிர்மலா யுஐ, மிகப் பழைய கணினியென்றால் லதா, பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் நோட்டோ சான்ஸ் தமிழ், ஆப்பிளில் தமிழ் சங்கம் எம்என். அதாவது இலவசத் திட்டத்தில் உங்கள் தமிழ்ப் பத்திகளுக்குத் தீமின் எழுத்துரு பெரும்பாலும் வருவதே இல்லை. எழுத்துருவை மாற்றும் வசதி பூட்டப்பட்டதால் பத்தி எழுத்தில் நீங்கள் இழப்பது நினைப்பதைவிடக் குறைவு. நோட்டோவும் நிர்மலாவும் நன்றாகவே படிக்கக்கூடியவை. நீங்கள் பிடிவாதமாகப் பார்க்க வேண்டியவை வரி இடைவெளியும் அளவும்தான்.

எழுத்துருவுக்காகவே பணம் கட்ட நினைக்கிறவர்கள், அந்தச் சேவையின் எழுத்துருப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கூகுள் எழுத்துருத் தொகுப்பில் நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேடமரன், மீரா இனிமை, அனெக் தமிழ், பவனம் போன்றவை இலவசமாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூடச் சேர்க்க முடியாத திட்டத்துக்குப் பணம் கட்டினால் ஆங்கில எழுத்து மட்டும்தான் மாறும்.

5. பூட்டைத் தொடாமலே தளத்தைச் சீராக்குவது

வார்ட்பிரஸ்.காமில் பூட்டு விழுந்திருப்பது தளம் முழுவதற்குமான ஸ்டைல்ஸ் மீதுதான். ஒவ்வொரு பிளாக்கின் (பத்தி, தலைப்பு, படம் போன்ற ஒவ்வொரு துண்டின்) நிறத்தையும் அளவையும் தனித்தனியாக மாற்றுவது உங்கள் பதிவோடு சேர்ந்தே சேமிக்கப்படுகிறது. அதை இலவசத் திட்டத்திலும் செய்யலாம். தளத்தின் டெம்ப்ளேட்களை, அதாவது பக்கங்களுக்கான பொது அச்சுகளை, திருத்தவும் தடையில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடும்.

இடப்பக்கப் பட்டியலில் 'அப்பியரன்ஸ்', அதற்குள் 'எடிட்டர்', அதற்குள் 'டெம்ப்ளேட்ஸ்' என்று போங்கள். ஒற்றைப் பதிவுக்கான டெம்ப்ளேட்டைத் திறந்தால், பதிவின் உள்ளடக்கம் வரும் இடம் ஒரு பிளாக்காகத் தெரியும். அதைத் தேர்ந்தெடுத்து, மூன்று புள்ளிப் பட்டியலில் 'குரூப்' கொடுங்கள். இப்போது அந்த இடத்தைச் சுற்றி ஒரு பெட்டி வந்துவிட்டது. வலப்பக்கம் அந்தக் குரூப்புக்கான அமைப்புகளில் 'டைப்போகிராஃபி' பகுதியைப் பாருங்கள். 'லைன் ஹைட்' (வரி இடைவெளி) தெரியவில்லை என்றால் அங்கேயுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு வரவழைத்துக்கொள்ளலாம். பத்திக்கு 1.7 அல்லது 1.8 கொடுங்கள். எழுத்தளவையும் ஒரு படி ஏற்றுங்கள். பின்னணி நிறம் வேண்டுமென்றால் அதையும் இதே குரூப்புக்குக் கொடுக்கலாம். ஒருமுறை செய்தால் போதும், எல்லாப் பதிவுக்கும் பொருந்தும்.

தலைப்புகள் இதற்குக் கட்டுப்படாது. அவற்றுக்கென்று தீம் தனியாக வரி இடைவெளி வைத்திருக்கும். டெம்ப்ளேட்டில் இருக்கும் 'டைட்டில்' பிளாக்கைத் தேர்ந்தெடுத்து லைன் ஹைட்டை 1.4 ஆக்குங்கள். எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியைத் தீம் சுருக்கி வைத்திருந்தால் அதைச் சுழியமாக்குங்கள். பதிவுக்குள் வரும் உபதலைப்புகளுக்கு ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். ஒன்றைச் சரிசெய்துவிட்டு, அதன் மூன்று புள்ளிப் பட்டியலில் 'காப்பி ஸ்டைல்ஸ்' கொடுத்து, மற்றவற்றில் 'பேஸ்ட் ஸ்டைல்ஸ்' கொடுத்தால் வேகமாக முடியும்.

முகப்பில் கண்ணைக் கவரும் ஒரு பகுதி வேண்டும் என்றால் 'கவர்' பிளாக் போதும். மாணவி ஒருவர் தைத்த பாவாடையின் படத்தைப் பின்னணியாக வைத்து, மேலே நிழல் நிறம் சற்றுக் கூட்டி, அதன்மேல் வகுப்பின் பெயரை எழுதுங்கள். கீழே எல்லாப் பக்கத்திலும் வர வேண்டிய தொலைபேசி எண், நேரம் ஆகியவற்றை ஒரு 'பேட்டர்ன்' ஆகச் சேமித்து, 'சிங்க்' வசதியை இயக்கி வையுங்கள். எண் மாறினால் ஓரிடத்தில் மாற்றினால் போதும், எல்லா இடத்திலும் மாறிவிடும்.

வகுப்பின் பெயரைத் தனித்துவமான எழுத்தில் காட்ட ஆசையா? கணினியில் பிடித்த தமிழ் எழுத்துருவில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக்கி, லோகோவாக ஏற்றிவிடுங்கள். அது ஒன்றுக்கு மட்டும் சரி. பத்திகளையும் கட்டண விவரத்தையும் படமாக்கிப் போடாதீர்கள். தேடுபொறிக்கும் எட்டாது, பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானுக்கும் எட்டாது. லோகோவுக்குக்கூட மாற்று உரையில் வகுப்பின் பெயரை எழுத மறக்க வேண்டாம்.

தீம் தேர்வு பற்றி ஒரு வார்த்தை. தீமின் காட்சிப் படத்தில் அழகழகாகப் பல நிறச் சேர்க்கைகள் காட்டுவார்கள். அவற்றில் முதலாவதாக இருக்கும் இயல்பான தோற்றம்தான் இலவசம். அந்த ஒன்று பிடித்திருந்தால் மட்டும் தீமை எடுங்கள்.

6. மாதம் ஒருமுறை பேக்கப்

வார்ட்பிரஸ்.காமில் 'டூல்ஸ்', 'எக்ஸ்போர்ட்' என்று போனால் உங்கள் பதிவுகள், பக்கங்கள், கருத்துரைகள் எல்லாம் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாக வந்துவிடும். இலவசத் திட்டத்திலும் இது உண்டு. ஆனால் அந்தக் கோப்புக்குள் படங்கள் இருக்காது, படங்களின் முகவரி மட்டும்தான் இருக்கும். பழைய தளம் உயிரோடு இருக்கும்வரைதான் அந்த முகவரியிலிருந்து படத்தை எடுக்க முடியும். ஆகவே அதே பக்கத்தில் இருக்கும் மீடியா எக்ஸ்போர்ட்டையும் தனியாக இறக்குங்கள்.

படங்களை இலவசச் சேவையை நம்பி விட்டவர்களுக்கு என்ன ஆனது என்பதற்கு 2017 ஒரு பாடம். போட்டோபக்கெட் நிறுவனம், தன்னிடம் ஏற்றிய படங்களை வேறு தளங்களில் காட்டுவதற்கு ஆண்டுக்கு 399 டாலர் கட்ட வேண்டும் என்று திடீரென்று மாற்றியது. கணக்கற்ற பதிவுகளிலும் விவாதக் களங்களிலும் படங்கள் இருந்த இடத்தில் கட்டண அறிவிப்புப் படம் வந்து நின்றது. மூலப் படத்தைத் தங்கள் கணினியில் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

பிளாகரில் 'செட்டிங்ஸ்' பகுதியில் பதிவுகளை இறக்கலாம், 'தீம்' பகுதியில் வடிவமைப்பையும் தனிக் கோப்பாக இறக்கலாம். விக்ஸில் தளத்தை அப்படியே எடுத்துப்போய் வேறு சர்வரில் போட வழியில்லை. அங்கே எழுதுகிறவர்கள் முதலில் தங்கள் கணினியில் எழுதி வைத்துக்கொண்டு, அதை ஒட்டுவதுதான் பாதுகாப்பு.

7. ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் பூட்டு விழுந்தால்

மின்னஞ்சல் வந்துவிட்டது, இன்ன தேதியிலிருந்து இன்ன வசதி கட்டணத் திட்டத்தில் மட்டும் என்று. முதலில் எதையும் தொடாதீர்கள். பல நிறுவனங்கள் ஏற்கெனவே இருக்கும் தளங்களைப் பழையபடியே விட்டுவைக்கும். ஆனால் தீமை மாற்றினாலோ, ஒரு திட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பினாலோ அந்தச் சலுகை போய்விடக்கூடும். பழைய தளங்களுக்கு என்ன விதி என்பதை அறிவிப்பில் தேடிப் படியுங்கள், புரியாவிட்டால் உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்.

அன்றைக்கே செய்ய வேண்டியது, தளத்தின் தோற்றத்தை முழுதாகப் பதிவு செய்வது. முக்கியமான பக்கங்களைக் கணினியிலும் போனிலும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சேர்த்திருந்த சிஎஸ்எஸ் முழுவதையும் ஒரு நோட்பேடு கோப்பில் ஒட்டி வையுங்கள். பயன்படுத்திய நிறங்களின் ஆறிலக்கக் குறியீடுகள், எழுத்துருவின் பெயர், அளவு, வரி இடைவெளி எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பூட்டு விழுந்த பிறகு அந்த சிஎஸ்எஸ் பெட்டியைத் திறந்து பார்க்க முடியுமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அப்புறம் ஓரிரு நாள் இயல்பான தோற்றத்தோடு தளத்தைப் பாருங்கள். படிக்க முடிகிறதா, தொலைபேசி எண் கண்ணில் படுகிறதா, போனில் சரியாகத் திறக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அப்படியே விடலாம். உங்கள் வகுப்பில் சேர வருகிறவர் தலைப்பின் நிறம் பார்த்து வருவதில்லை.

8. பணம் கட்டுவதா, இடம் மாறுவதா

தளத்தின் வழியாக உங்களுக்கு வருமானம் வருகிறது, பராமரிக்க நேரமோ ஆளோ இல்லை என்றால் பணம் கட்டுங்கள். அதில் தவறே இல்லை. ஹோஸ்டிங்கைத் தானே பார்த்துக்கொள்வதில் அப்டேட், பாதுகாப்பு, பேக்கப் என்று வேலை இருக்கிறது. அதற்குத்தான் அவர்கள் காசு வாங்குகிறார்கள். ஆனால் ஒரேயொரு நிறத்தை மாற்றுவதற்காக மட்டும் ஆண்டுக் கட்டணம் கட்டாதீர்கள். மூன்று ஆண்டு ரினியூவலையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எழுதுவதுதான் உங்கள் வேலை, கட்டுரையோ கதையோ சமையல் குறிப்போ, என்றால் பிளாகர் இன்றைக்கும் நல்ல இடம். 2003-இல் கூகுள் வாங்கிய சேவை அது. தமிழ் வலைப்பதிவுகளின் பெரும் பகுதி அங்கேதான் வளர்ந்தது. தீமின் நிரலை முழுதாகத் திருத்தலாம், சிஎஸ்எஸ் சேர்க்கலாம், கூகுள் எழுத்துருவில் இருந்து தமிழ் எழுத்துருவை இணைக்கலாம், சொந்த டொமைனையும் இணைக்கலாம். எதற்கும் பிளாகர் கட்டணம் கேட்பதில்லை. குறை என்னவென்றால் தீம்கள் பழசு, புதிய வசதிகள் அரிதாகவே வருகின்றன. கூகுள் தன் சேவைகளைக் கைவிடும் வழக்கமும் உள்ளது. கூகுள் டொமைன்ஸையே 2023-இல் ஸ்கொயர்ஸ்பேஸுக்கு விற்றுவிட்டார்கள். ஆறாவது படியில் சொன்ன பேக்கப் இங்கேயும் கட்டாயம்.

அதிகம் மாறாத நாலைந்து பக்கங்கள்தான், கொஞ்சம் எச்டிஎம்எல் (இணையப் பக்கம் எழுதும் குறிமொழி) கற்றுக்கொள்ளத் தயார் என்றால், நீங்கள் எழுதிய கோப்புகளை இலவசமாகத் தளமாகக் காட்டும் கிட்ஹப் பேஜஸ். 2008 முதல் இருக்கிறது. தளத்தின் அளவு 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும், கோப்புகள் பொதுவில் திறந்திருக்க வேண்டும். சொந்த டொமைனும் பாதுகாப்புச் சான்றும் இலவசம். வடிவமைப்பில் பூட்டு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை, ஏனென்றால் ஒவ்வொரு வரியும் நீங்கள் எழுதியதுதான். கற்றுக்கொள்ள ஆரம்பத்தில் சில வாரம் பிடிக்கும். நியோசிட்டீஸும் இதே வகைதான், ஆனால் சொந்த டொமைனுக்கு அங்கே மாதச் சந்தா வேண்டும்.

படிவம், கட்டணம் வசூலித்தல், மாணவிகளுக்கு லாகின் என்று தளம் வளரும் போலத் தெரிந்தால், ஹோஸ்டிங் வாங்கி வார்ட்பிரஸ் மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரலில் வந்த 6.5 பதிப்பு முதல் எழுத்துரு நூலகம் உள்ளேயே இருக்கிறது. பிளக்-இன் (கூடுதல் வசதிக்கான செருகுநிரல்) எதுவும் இல்லாமல் நோட்டோ செரிஃப் தமிழையோ முக்த மலரையோ நேரடியாகச் சேர்க்கலாம். வார்ட்பிரஸ்.காமிலிருந்து எடுத்த எக்ஸ்எம்எல் கோப்பை இங்கே ஏற்றும்போது, படங்களையும் இறக்கிக்கொள்ளும்படி கேட்கும் பெட்டியில் டிக் செய்யுங்கள். பழைய தளம் பொதுவில் திறந்திருந்தால்தான் படங்கள் வரும்.

இடம் மாறிய பிறகு பழைய தளத்தை உடனே அழித்துவிடாதீர்கள். குறைந்தது ஆறு மாதம் வைத்திருங்கள். மேலேயே ஒரு பதிவை ஒட்டி, புதிய டொமைனின் இணைப்பைப் பெரிய எழுத்தில் கொடுங்கள். அதிகம் பேர் வரும் பழைய பக்கங்களின் முதல் வரியிலும் அந்தந்தப் புதிய பக்கத்தின் இணைப்பைச் சேருங்கள். வாட்ஸ்ஆப் குழுக்களில் போய்ச் சேர்ந்த பழைய இணைப்புகள் வெகுநாள் சுற்றிக்கொண்டிருக்கும். வார்ட்பிரஸ்.காமில் ஒருமுறை அழித்த முகவரியில் பிறகு புதிதாகத் தளம் திறக்க முடியாது என்பதால், ஆறு மாதம் கழிந்த பிறகும் அழிக்காமல், கருத்துரைகளை மட்டும் மூடிவிட்டு அப்படியே விட்டுவைக்கலாம்.